தயிர், பழம், பொரி: ஒரு கிண்ணத்தில் எத்தனை சத்து?

காலையில் கறந்த பால் விடிவதற்குள் சொசைட்டிக்குப் போய்விடுகிறது. மாலையில் கறந்ததும் அப்படியே. தோட்டத்துக் கொய்யாவும் பப்பாளியும் செங்காயாக இருக்கும்போதே கூடையேறி மண்டிக்குப் போகின்றன. வேர்க்கடலையும் எள்ளும் களத்திலிருந்தே மூட்டையாகக் கிளம்புகின்றன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்பது ஒரு தம்ளர் காப்பியும் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலமும்தான். இரண்டு கறவை மாடு கட்டியிருக்கும் வீட்டில்கூடத் தயிருக்கு உறை குத்துவது விருந்தாளி வரும் நாளில் மட்டும் என்று பல ஊர்களில் ஆகிவிட்டது.

இதன் விலை என்ன என்பதை 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு அதே குறை. சத்துள்ள பொருள்களை விளைவிக்கும் வீட்டார் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த நிலையில், பெரிய நகரங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் கண்ணாடிக் கோப்பையில் வைத்து நல்ல விலைக்கு விற்கப்படும் ஒரு பண்டத்தைக் கவனிப்பது பயன் தரும். அடியில் கெட்டித் தயிர், அதன்மேல் நறுக்கிய பழம், அதற்கும் மேல் வறுத்த தானியம், மறுபடியும் தயிர் என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். 'பார்ஃபே' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'குறையற்றது' என்று பொருள். ஆதியில் அது பாலேடு, முட்டை, சர்க்கரை சேர்த்து உறைய வைத்த இனிப்புப் பண்டமாகத்தான் இருந்தது. தயிரும் தானியமும் கொண்ட கோப்பை அமெரிக்கர்கள் பின்னால் செய்துகொண்டது.

அதில் சேரும் 'கிரானோலா' என்ற வறுத்த தானியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1863-ல் நியூயார்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்ற ஊரில் ஆரோக்கிய விடுதி நடத்திவந்த ஜேம்ஸ் காலேப் ஜாக்சன் என்ற மருத்துவர், தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். பேட்டில் கிரீக் ஊரின் ஜான் ஹார்வி கெல்லாக் பிறகு பல தானியங்களைச் சேர்த்து அதே மாதிரி ஒன்றைச் செய்தார். இன்று கடையில் கிடைப்பது ஓட்ஸை எண்ணெயும் தேனும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பில் மொறுமொறுப்பாக்கியது. நம் ஊரில் கார்த்திகை தீபத்தன்று பொரியில் வெல்லப் பாகு ஊற்றிக் கிளறுகிறோமே, அதே முறைதான். ஆகையால் இந்தக் கோப்பைக்குத் தேவையான எதையும் கப்பலில் வரவழைக்க வேண்டியதில்லை.

ஆனால் மூன்றையும் கலந்தால் போதும், சத்து தானாக வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. எந்தப் பழம், எந்தத் தானியம், எவ்வளவு இனிப்பு என்பதைப் பொறுத்தே அது உணவாவதும் வெறும் மிட்டாயாவதும்.

தயிரில் இருப்பதும் இல்லாததும்

பசும்பால் தயிர் 100 கிராமில் ஏறத்தாழ 60 கலோரி, 3 கிராம் புரதம், 4 கிராம் கொழுப்பு, 149 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளன. எருமைத் தயிரில் புரதம், கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து மூன்றுமே கூடுதல். பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உறையும்போது அழிவதில்லை. பாலின் சர்க்கரையில் ஒரு பகுதியை உறையிலுள்ள நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. பால் குடித்தால் வயிறு உப்பி, கழிச்சல் காணும் பெரியவர்கள் தயிரைத் தொந்தரவில்லாமல் சாப்பிட முடிவதற்கு இதுவே காரணம். பல்கேரியாவின் ஸ்டாமென் கிரிகோரோவ் தம் நாட்டுத் தயிரில் இருக்கும் நுண்ணுயிரை 1905-ல் கண்டறிந்து சொன்னார். அதன் பிறகே படித்தவர்கள் தயிரை மதிக்கத் தொடங்கினார்கள் என்றால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள்.

மரக்கறி உணவு மட்டும் உண்பவர்களுக்குத் தயிர் மிகவும் இன்றியமையாதது. வைட்டமின் பி-12 காய்கறி, தானியம், பருப்பு எதிலும் இல்லை. பால், தயிர், மோரிலிருந்துதான் அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும். கறி, மீன், முட்டை தொடாத வீட்டில் பாலையும் முழுவதும் விற்றுவிட்டால் அந்தச் சத்துக்கு வேறு வாசலே கிடையாது. நீர் மோர் ஈடாகாது. 100 கிராம் மோரில் சுண்ணாம்புச் சத்து 30 மில்லிகிராம் அளவுதான், புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. மோர் தாகத்துக்கு, தயிர் உடம்புக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

தயிரில் இல்லாதவையும் உண்டு. இரும்புச் சத்து மிகமிகக் குறைவு. வைட்டமின் 'சி' பெயரளவுக்குத்தான். நார்ச்சத்து அறவே இல்லை. இந்த மூன்று பள்ளங்களையும் பழமும் தானியமும் நிரப்ப வேண்டும்.

கெட்டித் தயிர் வேண்டுமென்று துணியில் கட்டித் தொங்கவிடுபவர்கள் வடியும் தெளிநீரைச் சாக்கடையில் ஊற்றுவதைக் காணலாம். அந்த நீரோடு சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கும் ரைபோஃபிளேவின் என்ற பி வைட்டமினும் போய்விடுகின்றன. அதைக் கூழ் கரைக்கவோ ரசத்தில் சேர்க்கவோ மாவு பிசையவோ பயன்படுத்தலாம்.

எந்தப் பழத்தை எதோடு?

நகரத்துக் கோப்பையில் பெரும்பாலும் ஸ்ட்ராபெரியும் திராட்சையும் இருக்கும். பார்க்க அழகு. நம் தோட்டத்துப் பழங்களை அவற்றின் பக்கத்தில் வைத்தால் நமக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் 'சி' இருக்கிறது. பழுத்த பப்பாளியில் ஏறத்தாழ 57, மாம்பழத்தில் 16, வாழைப்பழத்தில் 7 மட்டுமே. முந்திரிக் கொட்டையை எடுத்துக்கொண்டு எறிந்துவிடும் முந்திரிப் பழத்தில்கூட 180 மில்லிகிராம் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 65 முதல் 80 மில்லிகிராம்தான். ஆயக்குடிச் சந்தையில் கூடைகூடையாக விலைபேசப்படும் கொய்யாவில் ஒரே பழம் ஒரு நாள் தேவைக்கு மேலாகவே கொடுத்துவிடும். தோலில் இந்தச் சத்து மிகுதி. தோல் சீவக் கூடாது. அதிகமாகக் கனிந்து மணம் தூக்கும் பழத்தைவிட, நிறம் மாறி இன்னும் கடிக்கக் கெட்டியாக இருக்கும் பழமே மேல்.

அப்படியானால் கொய்யாவைத் தயிரில் போட வேண்டியதுதானே என்று தோன்றும். போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு கொய்யா இருந்தால் அதற்குத் தயிர்க் கிண்ணத்தைவிட நல்ல இடம் மதியச் சாப்பாடு. காரணம் இதுதான். கீரையிலும் கம்பிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. பெரும்பங்கு வீணாகக் கழிந்துவிடுகிறது. அதே வேளையில் வைட்டமின் 'சி' வயிற்றில் இருந்தால் ஏற்கும் அளவு கூடுகிறது. சுண்ணாம்புச் சத்தோ அந்த வேளையில் இரும்பை ஏற்பதைத் தடுக்கிறது. எனவே கீரைக் குழம்பும் கம்பங்களியும் உண்ட கையோடு கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சம் பழச் சாறோ எடுத்துக்கொள்வதே இரத்தசோகைக்கு எதிரான ஏற்பாடு. தயிர்க் கிண்ணத்தை மாலை நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை வாங்கும் கர்ப்பிணிகளும் வளரும் பெண்களும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மாத்திரையைப் பாலோடும் தயிரோடும் விழுங்கக் கூடாது. காப்பி, தேநீரோடும் கூடாது. எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தயிர் சாப்பிட வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஊறவில்லையே என்று வருந்துவோரில் சிலர் அதைத் தினமும் பாலோடு விழுங்குபவர்களாக இருக்கக்கூடும்.

தயிருக்கு உற்ற துணை பப்பாளியும் மாம்பழமும்தான். இவற்றின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின் உடம்பில் வைட்டமின் 'ஏ' ஆக மாறுகிறது; கண்ணுக்கும் தோலுக்கும் அது வேண்டும். கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வெறும் பப்பாளித் துண்டைத் தின்பதைவிட, ஆடை எடுக்காத தயிரோடும் நாலு வேர்க்கடலையோடும் தின்றால் கரோட்டின் நன்றாகச் சேரும். சிவந்த சதையுள்ள பப்பாளியில் மஞ்சள் பப்பாளியைவிட இந்தச் சத்து பலமடங்கு என்று வியாபாரிகள் சொல்வதை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். சிவப்பு நிறம் லைகோபீன் என்ற வேறு பொருளால் வருவது. அது வைட்டமின் 'ஏ' ஆக மாறுவதில்லை.

வாழைப்பழம் தெம்புக்கு உகந்தது. 100 கிராமில் 116 கலோரி. வயலில் வேலை செய்பவருக்கும் விளையாடித் திரியும் பிள்ளைக்கும் நல்லது. பழம் சேர்த்தாயிற்று, வைட்டமின் 'சி'யும் வந்துவிட்டது என்று மட்டும் கணக்குப் போடக் கூடாது.

அன்னாசிப் பழத்தைத் தயிரில் முன்கூட்டியே கலந்து வைத்தால் கசக்கும். அதிலுள்ள ஒரு நொதி தயிரின் புரதத்தை அரித்துவிடுவதே காரணம். சரியாகக் கனியாத பப்பாளியும் இந்த வேலையைச் செய்யும். சாப்பிட உட்காரும்போது கலந்தால் தொல்லை இல்லை.

தயிரும் பழமும் சேரக் கூடாது என்று சில வீடுகளில் பெரியவர்கள் தடுப்பதுண்டு. தயிர்ச் சோற்றில் மாதுளை முத்தும் திராட்சையும் சேர்ப்பதும், மாம்பழத்தைத் தொட்டுக்கொண்டு தயிர்ச் சோறு உண்பதும் நம் வழக்கத்திலேயே இருக்கின்றன. ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர் விலக்கிக்கொள்ளட்டும். மற்றவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

பொரிக் கலவை

மேல்நாட்டுக் கிரானோலா 100 கிராமில் 450 கலோரிக்கு மேல் இருக்கும். எண்ணெயும் சர்க்கரையும் அதற்குக் காரணம். நம் வீட்டில் செய்வதில் எண்ணெயே வேண்டாம். கெட்டி அவல் 200 கிராம், கம்புப் பொரி 100 கிராம், வேர்க்கடலை 100 கிராம், தோல் நீக்காத எள் 50 கிராம், வெல்லம் 75 கிராம் போதும்.

அவலை வெறும் வாணலியில் சிறு தீயில் நொறுங்கும் பதத்துக்கு வறுக்க வேண்டும். வேர்க்கடலையைத் தனியாக வறுத்து இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். எள் படபடவென்று வெடித்ததும் இறக்கிவிட வேண்டும். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வரும் பதத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். பாகு இளகலாக இருந்தால் பொரி சவசவத்துப் போகும். ஆறியபின் உதிர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம்.

வேர்க்கடலையில் ஓர் எச்சரிக்கை. விற்பனைக்கு ஆகாத சுருங்கிய பருப்பு, நிறம் மாறியது, பூசணம் பூத்தது ஆகியவற்றை வீட்டுக்கு ஒதுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் பூசணம் விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் அழியாது. அப்படிப்பட்ட பருப்பை மாட்டுக்கும் போடக் கூடாது, நஞ்சு பாலில் இறங்கும்.

கம்பில் புரதம் 11 கிராமுக்கு மேல். இரும்புச் சத்திலும் அது அரிசியை வெகுவாக மிஞ்சும். இரும்புச் சத்தைக் கூட்டுவதற்கென்றே 'தனசக்தி' என்ற கம்பு இரகத்தை ஐதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனமும் மகாராஷ்டிரத்தின் ராகுரி வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியுள்ளன. எள்ளில் 100 கிராமுக்கு 1,450 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அதில் பெரும்பகுதி போய்விடும்.

பொரி கடிக்க முடியாத முதியவர்களுக்குக் கேழ்வரகு இருக்கிறது. முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த கேழ்வரகு மாவை இரண்டு கரண்டி தயிரில் குழைத்து, மசித்த பழம் சேர்த்துக் கொடுக்கலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதை விடாமல் பிடித்து வைக்கும். முளைகட்டும்போது அந்தப் பிடி தளர்கிறது.

ஒரு கிண்ணத்தின் கணக்கு

பசும்பால் தயிர் 150 கிராம், பப்பாளி 100 கிராம், பொரிக் கலவை 30 கிராம் கொண்ட ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 250 கலோரி, எட்டரை கிராம் புரதம், 290 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 57 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உள்ளன. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்தது. அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடுகிறது. சேர்த்த இனிப்பு, வெல்லமாக, நாலு கிராமைச் சற்றே தாண்டும். ஒரு தேக்கரண்டிக்குள் அடக்கம்.

கடைக் கோப்பையில் இந்த இடத்தில்தான் கோளாறு. பழச்சுவையூட்டிய தயிரில் சர்க்கரை, தானியத்தில் சர்க்கரை, மேலே ஊற்றும் தேன் என்று மூன்று வழியாக இனிப்பு ஏறுகிறது. தயிரும் பழமும் இருப்பதால் மட்டும் அது சத்துணவாகிவிடாது. டப்பாவில் வாங்குவோர் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்ற வரியை முதலில் படிக்க வேண்டும். வெல்லமும் தேனும் சர்க்கரையைவிட உயர்ந்தவை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கலோரிக் கணக்கில் பெரிய வேறுபாடு கிடையாது. நீரிழிவு உள்ளவர்கள் பாகு ஊற்றாத கலவையைப் பாதியளவு போட்டு, கொய்யாத் துண்டோடு சாப்பிடலாம்.

இந்தக் கிண்ணத்தில் இரும்புச் சத்து போதாது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. அது கீரை, கம்பு, பயறு, உண்பவர்களுக்குக் கறி, ஈரல் ஆகியவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சிறிதளவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர்க் கரு சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு விடும். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேர்க்கடலையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். முழுப் பருப்பு மூச்சுக் குழலில் சிக்கிக்கொள்ளும்.

பால் உறையாவிட்டால்

பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உறை குத்தினால் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் தயிராகும். மார்கழிக் குளிரில் பாத்திரத்தைச் சாக்கில் சுற்றியோ அரிசிப் பானையில் புதைத்தோ வைக்க வேண்டும். பச்சைப் பாலில் உறை குத்துவது தவறு. கன்று வீசும் நோய், காசநோய்க் கிருமிகள் மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

எல்லாம் சரியாகச் செய்தும் பால் உறையாமல் கொழகொழத்துக் கிடந்தால், அந்த மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்டார்களா என்று பார்க்க வேண்டும். மருந்து பாலில் இறங்கி உறையின் நுண்ணுயிர்களை அழித்துவிடும், காய்ச்சினாலும் போகாது. கால்நடை மருத்துவர் சொன்ன நாள்கள் முடியும்வரை அந்தப் பாலை வீட்டிலும் வைத்துக்கொள்ளக் கூடாது, சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது.

அரை லிட்டர் பாலில் மூன்று கிண்ணம் ஆகும். நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறக்கும் வீட்டில் அது பதினாறில் ஒரு பங்கு. மாதக் கணக்கில் பணம் குறையத்தான் செய்யும். பிஸ்கட் பொட்டலத்துக்கும் டானிக் பாட்டிலுக்கும் கொடுத்ததைக் கழித்துப் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்பது தெரியும்.

பப்பாளிக்கு மண்டியை நோக்க வேண்டாம். குளிக்கும் இடத்துத் தண்ணீர் போகும் வழியில் இரண்டு கன்று வைத்தால் எட்டுப் பத்து மாதத்தில் பழம் பார்க்கலாம். கோ.7 இரகத்தில் தனி ஆண் மரம் வராது. கோ.2 போன்ற இரகங்களில் ஆண், பெண் தனித்தனி; ஆதலால் குழிக்கு இரண்டு மூன்று கன்றாக நட்டு, பூத்தபின் வேண்டாத ஆண் மரங்களைக் களைய வேண்டும். தண்டைச் சுற்றி நீர் தேங்கினால் அடி அழுகிச் சாய்ந்துவிடும். மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது.